இளைப்பாற்றி: ரெக்வியம் யாரிடம் பேசுகிறது?

நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்து, இறந்தவர்களுக்காக மன்றாடுவார்கள். தமிழில் அந்த மன்றாட்டுக்கு உயிரான சொல் ‘இளைப்பாற்றி’. நெடுந்தூரம் நடந்து களைத்தவருக்கு ஒரு திண்ணையைக் காட்டுவது போன்ற சொல் அது. லத்தீனில் அதன் இடத்தில் நிற்பது ‘ரெக்வியம்’. இறந்தோர் திருப்பலியின் முதல் பாடல் அந்தச் சொல்லில் தொடங்குவதால் திருப்பலிக்கே அது பெயராயிற்று. பிறகு அந்தத் திருப்பலிக்கு அமைத்த இசைக்கும், பீடமும் குருவும் இல்லாத கவிதைக்கும் நாவலுக்கும்கூட அதுவே பெயராயிற்று.

இந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள நம் இலக்கணமே உதவும். மன்றாடும் உயிருள்ளோர் தன்மை. கேட்கும் கடவுள் முன்னிலை. இறந்தவர் படர்க்கை. மூலப் பாடத்தின் அமைப்பு இவ்வளவுதான். சங்கக் கையறுநிலையில் இந்த அமைப்பு வேறு. பாரி இறந்தபின் கபிலர் பறம்பு மலையைப் பார்த்துப் பேசுகிறார்; அவருக்கு மலைதான் முன்னிலை. ஐரோப்பிய ரெக்வியத்தில் அந்த இடம் கடவுளுக்கே உரியதாக இருந்தது. அங்கே வேறு யார் யாரெல்லாம் வந்து நின்றார்கள் என்று பார்த்தால், இந்த வடிவத்தின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

பலகுரல் ரெக்வியங்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது 15ஆம் நூற்றாண்டில் ஓக்கெகெம் எழுதியது. 1570இன் ரோமைத் திருப்பலி நூல் பாடத்தை நிலைப்படுத்தியது. அதற்குள் இடம்பெற்ற நீண்ட பாடல் ‘தியெஸ் இரே’, அதாவது ‘சினத்தின் நாள்’. இறுதித் தீர்ப்பைப் பாடும் 13ஆம் நூற்றாண்டுப் பாடல் இது. இதில் பாடுபவர் இறந்தவரை மறந்து, தன் கதி என்னவாகும் என்று நடுங்குகிறார். அடக்கச் சடங்கின் நடுவே உயிரோடிருப்பவரின் அச்சம் வெடிக்கும் இடம் இது. இசையமைப்பாளர்களை ஈர்த்ததும் இதுவே. 1837இல் பாரிஸில் பெர்லியோஸ் இதற்காக நான்கு பித்தளைக் கருவிக் குழுக்களை நான்கு திசைகளில் நிறுத்தினார். அந்த முழக்கத்தைவிட அடுத்து வரும் மௌனம்தான் என்னை அசைக்கிறது.

மோட்சார்ட்டின் ரெக்வியத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை எல்லாருக்கும் தெரியும்: முகம் காட்டாத தூதன், பொறாமை கொண்ட சாலியேரி, தன் சாவுக்கே இசை எழுதும் மேதை. புஷ்கின் 1830இல் அதை நாடகமாக்கினார். ரிம்ஸ்கி-கோர்சகோவ் அந்த நாடகத்தை ஓபெரா ஆக்கினார். பீட்டர் ஷாஃபரின் ‘அமடியுஸ்’ 1984இல் திரைப்படமாகி எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. இந்தக் கதைகளின் வெளிச்சத்தில் ஒரு பெண் மறைந்துபோனாள் என்பதே என் வருத்தம். 1791 பிப்ரவரியில், இருபது வயதில், ஒரு பிரபுவின் மனைவியான அன்னா இறந்தாள். அவள் கணவர் வால்செக் பிரபு ஆள் அனுப்பி, பெயர் சொல்லாமல் மோட்சார்ட்டிடம் ரெக்வியம் கேட்டார். பிறர் எழுதிய இசையைத் தன் கையால் படியெடுத்துத் தன்னுடையதாக அரங்கேற்றுவது அவர் வழக்கம். மோட்சார்ட் அதே ஆண்டு டிசம்பர் 5இல், 35 வயதில் இறந்தார். முழுமையாக எழுதி முடித்திருந்தது முதல் பகுதி மட்டுமே. ‘லாக்ரிமோசா’ என்ற பகுதி எட்டாவது தாளக்கட்டோடு நின்றது. மீதிப் பணம் வேண்டியிருந்ததால் மனைவி கான்ஸ்டான்ஸே அதை முடித்துத்தரும்படி பிறரை நாடினார். இறுதியில் முடித்தவர் சூஸ்மையர். இன்று உலகம் அதை மோட்சார்ட்டுக்கான ரெக்வியமாகவே கேட்கிறது. அது அன்னாவுக்காக எழுதப்பட்டது.

வெர்டிக்கு ரெக்வியம் ஒரு தேசத்தின் துக்கம். ரொஸ்ஸீனி 1868இல் இறந்தபோது, 13 இத்தாலிய இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதி முதலாண்டு நினைவுநாளில் பாடுவது என்று திட்டமிட்டார்கள். வெர்டி தன் பங்கான கடைசிப் பகுதியை எழுதி முடித்தார். நிகழ்ச்சி நடக்கவில்லை. 1873 மே 22இல் நாவலாசிரியர் மன்ஸோனி இறந்தபோது, கிடப்பில் இருந்த அந்தப் பகுதியை வைத்தே ஒரு முழு ரெக்வியத்தை அவர் கட்டினார். சரியாக ஓராண்டு கழித்து மிலான் நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் அது ஒலித்தது. அதில் சினத்தின் நாள் ஒருமுறை முழங்கி ஓய்வதில்லை. கடைசிவரை திரும்பத் திரும்ப வருகிறது. ஃபோரே இதற்கு நேர்மாறு. அவர் அந்தப் பாடலை நீக்கிவிட்டு, அதன் முடிவில் வரும் வேண்டுதலை மட்டும் வைத்துக்கொண்டார். 1888இல் பாரிஸின் மதலேன் ஆலயத்தில் முதலில் ஒலித்த அவர் ரெக்வியம் தாலாட்டுக்கு அருகில் இருக்கிறது.

முன்னிலையை முதலில் முழுவதுமாக மாற்றியவர் பிராம்ஸ். 1865இல் அவருடைய தாய் இறந்தார். பிராம்ஸ் லத்தீன் பாடத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, லூத்தரின் ஜெர்மன் விவிலியத்திலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்தார். அவற்றில் இறந்தவருக்கான வேண்டுதல் கிடையாது. தொடக்கமே துயருறுவோருக்கு ஆறுதல். கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. 1868இல் பெரிய வெள்ளியன்று பிரேமென் பேராலயத்தில் அரங்கேறியபோது, இந்தக் குறையை ஈடுகட்ட ஹேண்டலின் ‘மெசையா’விலிருந்து ஒரு பாடலை இடையே சேர்த்தார்கள். ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்ற பெயரில் ‘ஜெர்மன்’ என்பதை எடுத்துவிட்டு ‘மனித’ என்று வைக்கத் தயங்கமாட்டேன் என்று பிராம்ஸ் கடிதம் எழுதினார். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்னும் ஏசாயாவின் சொற்களுக்கு அமைந்த ஐந்தாம் பகுதியை அவர் பின்னர்தான் சேர்த்தார். ரெக்வியங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி அது.

பாடத்தில் ஒரு சொல்லும் மாறாமல் முன்னிலை மட்டும் மாறிய நிகழ்ச்சியும் உண்டு. செக் நிலத்தில் இருந்த தெரெசின் முகாமில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே கைதியாயிருந்த ரஃபாயேல் ஷெக்டர் என்ற இசை நடத்துநர் வெர்டியின் ரெக்வியத்தைக் கையில் எடுத்தார். இசைக்குழு இல்லை, பியானோ மட்டும். பாடகர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு, அரைப்பட்டினியோடு, நிலவறையில் கூடி, கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். வண்டிகள் ஆட்களைக் கிழக்கே கொலைமுகாம்களுக்குக் கொண்டுபோனபோது பாடற்குழு கலைந்தது. ஷெக்டர் புதியவர்களைச் சேர்த்து மறுபடி தொடங்கினார். யூதர்கள் ஏன் கத்தோலிக்கப் பூசையைப் பாட வேண்டும் என்ற எதிர்ப்பு முகாமுக்குள்ளேயே இருந்தது. நாஜிகளிடம் சொல்ல முடியாததை அவர்களுக்கு முன்னால் பாடிவிடலாம் என்று ஷெக்டர் சொன்னதாக உயிர்தப்பியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தீர்ப்பு நாள் வரும், எதுவும் பழிவாங்கப்படாமல் போகாது என்ற அந்தப் பழைய பாடல், அந்த முகாமில் யாரைப் பார்த்துப் பாடப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1944 அக்டோபரில் ஷெக்டர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிவதைக் காண அவர் உயிரோடில்லை. தெரெசினிலிருந்து மீண்ட யோசெஃப் போர் என்ற எழுத்தாளர் 1963இல் ‘தெரெசின் ரெக்வியம்’ என்ற குறுநாவலில் இதைக் கதையாக்கினார்.

பெஞ்சமின் பிரிட்டெனின் ‘போர் ரெக்வியம்’ 1962 மே 30இல் கோவென்ட்ரியில் அரங்கேறியது. 1940 நவம்பரில் குண்டுவீச்சில் அழிந்த பேராலயத்தின் அருகே புதிதாக எழுந்த பேராலயம் அப்போதுதான் அர்ச்சிக்கப்பட்டிருந்தது. லத்தீன் பாடத்துக்கு இடையிடையே வில்ஃப்ரெட் ஓவெனின் ஒன்பது போர்க்கவிதைகளை அவர் வைத்தார். பூசை ஆறுதல் சொல்லும்போதெல்லாம் படைவீரன் குறுக்கிட்டு மறுக்கிறான். ஓவென் 25 வயதில், முதல் உலகப்போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்டவர். ஒரு ருஷ்யப் பெண், ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர் ஆகிய மூவரும் தனிக்குரலாகப் பாடவேண்டும் என்பது பிரிட்டெனின் விருப்பம். முதல் நிகழ்ச்சியில் பாட ருஷ்யப் பாடகி விஷ்னேவ்ஸ்கயாவுக்கு சோவியத் அரசு அனுமதி தரவில்லை. அடுத்த ஆண்டு ஒலிப்பதிவில்தான் அவர் பாடினார்.

கதையில் இந்த வடிவம் என்ன ஆகிறது என்பதற்கு அந்தோனியோ தபுக்கியின் ‘ரெக்வியம்’ நாவல் நல்ல சான்று. இத்தாலியரான அவர் 1991இல் அதைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். ஜூலை மாதத்து ஞாயிறு. வெயில் கொளுத்தும் லிஸ்பன். கதைசொல்லி செத்துப்போன நண்பனையும் இளைஞனாகத் தன் தந்தையையும் சந்தித்துப் பேசுகிறான், சாப்பிடுகிறான். படர்க்கையில் இருந்த இறந்தவர்கள் இங்கே முன்னிலைக்கு வந்துவிடுகிறார்கள். கடவுளுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஆனால் இசை இல்லாமல் ரெக்வியம் எழுதியவர்களில் ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவுக்கு நிகராக ஒருவரை என்னால் சொல்ல முடியவில்லை. மகன் லெவ் கைதானபின் லெனின்கிராடின் சிறை வாசல்களில் 17 மாதம் வரிசையில் நின்றவர் அவர். ‘ரெக்வியம்’ கவிதைகளைத் தாளில் வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்து. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார். தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயா ஓசையின்றிப் படித்து மனப்பாடம் செய்வார். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். அக்காலத்தில் அந்த நூல் இருந்தது சில பெண்களின் நினைவில் மட்டுமே. அதன் முன்னிலை, வரிசையில் கூட நின்ற பெயர் தெரியாத பெண்கள். 1963இல் மியூனிக்கில் அச்சேறியது. சோவியத் நாட்டில் 1987இல்தான் வெளிவந்தது. 1966இல் இறந்த அக்மதோவா அதைப் பார்க்கவில்லை.

தனக்கு என்றாவது சிலை வைப்பதாக இருந்தால், தான் நின்ற அந்தச் சிறை வாசலருகே வைக்கவேண்டும் என்று கவிதையின் முடிவில் கேட்டிருந்தார். 2006இல் நேவா ஆற்றின் மறுகரையில், கிரெஸ்தி சிறைக்கு எதிரே, அவர் சிலையை நிறுவினார்கள்.