லாட்வியக் கையுறைகள்: ஊரின் பெருமையும் நாட்டின் பெருமையும்

2006 நவம்பர் 28, 29 தேதிகளில் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் நேட்டோ உச்சி மாநாடு நடந்தது. ஒருகாலத்தில் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த மண்ணில் நேட்டோ தலைவர்கள் கூடியது அதுவே முதல் முறை. வந்தவர்களுக்கு லாட்விய அரசு அளித்த பரிசு கையால் பின்னிய கம்பளிக் கையுறைகள், சுமார் 4,500 ஜோடி. அப்போது இருபது லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழ்ந்த நாடு தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைத்திருக்காது. ஆனாலும் ஊர்ப் பெண்களின் கைவேலை நாட்டின் அடையாளமாகும்போது எது கூடுகிறது, எது கழிகிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் வேலையின் தரம். கையுறையை ஐந்து ஊசிகளில் வட்டமாகப் பின்னுகிறார்கள். நான்கு ஊசிகள் கண்ணிகளைத் தாங்கும்; ஐந்தாவது பின்னிக்கொண்டே போகும். ஒரே சுற்றில் இரண்டு நிற நூல்கள் ஓடும். ஒரு நிறம் முன்னால் கண்ணியாக விழும்போது மற்றது உட்புறம் படிந்து செல்லும். அதனால் கையுறை இரட்டைத் துணியின் தடிப்பைப் பெறுகிறது. அழகுக்காகச் சேர்த்த நிறமே குளிரையும் தடுக்கிறது. உள்நூலை இறுக்கினால் பின்னல் சுருங்கிவிடும், தளர்த்தினால் விரல் மாட்டிக்கொள்ளும். மெல்லிய நூலில், பொடிக் கண்ணிகளில், மணிக்கட்டில் சடைக்கோடும் குஞ்சமும் வைத்து, நுனியில் கூம்பும் இடத்தில் வடிவம் முறியாமல் முடிப்பது பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே வரும். ஒரு நாடு இதில் பெருமைப்பட்டால் அது வெறும் பெருமை ஆகாது.

அதற்குச் சமூக வேரும் ஆழமானது. பழைய லாட்வியக் கிராமங்களில் சிறுமியாக இருக்கும்போதே பெண் தன் சீர்ப்பெட்டிக்குக் கையுறை பின்னத் தொடங்கிவிடுவாள். கல்யாணத்தன்று மாமனார், மாமியார், கொழுந்தனார், நாத்தனார் என்று புகுந்த வீட்டார் அனைவருக்கும், வண்டி ஓட்டி வந்தவருக்கும், அவள் கையுறை தர வேண்டும். தொழுவம், கிணறு, அடுப்படி என வீட்டின் முக்கிய இடங்களிலும் வைப்பாள். வசதியான வீடுகளில் நூறு ஜோடிகூடத் தேவைப்பட்டதுண்டு. மணப்பெண்ணின் பொறுமையும் கைத்திறனும் அதைக்கொண்டே எடைபோடப்பட்டன. இதில் பெருமை எவ்வளவோ, அவ்வளவு சுமையும் இருந்தது. இன்றைய விளம்பரப் படங்கள் பெருமையை மட்டும் காட்டுகின்றன.

வடிவங்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. லூத்தரன் மக்கள் சூழ்ந்த குர்செமெ பகுதியில், ஆல்சுங்கா வட்டாரத்தில் சுயிதி என்ற கத்தோலிக்கச் சிறுபான்மையினர் தங்களுக்கென்று உடையும் பாட்டும் வைத்திருக்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஊர்ப் பின்னல்கள் எல்லாவற்றையும் ‘லாட்வியக் கையுறை’ என்ற ஒரே பெயரில் அடக்கும்போது, எந்த வேறுபாடு அவற்றுக்கு உயிர் தந்ததோ அதுதான் முதலில் மங்குகிறது.

சின்னங்களுக்குச் சொல்லப்படும் பொருள்களிலும் இதே சிக்கல். இது விடிவெள்ளி, இது மாரா தெய்வத்தின் சிலுவை, இது விளைச்சலின் யூமிஸ் என்று கடைகளில் விளக்கச்சீட்டு தருகிறார்கள். வடிவங்கள் பழையவை, ஐயமில்லை. ஆனால் அவற்றை ஒழுங்காகத் தொகுத்துத் தெய்வங்களோடு பொருத்தியதில் எர்னெஸ்ட்ஸ் பிரஸ்தின்ஷுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய அலங்கார வடிவ நூல் 1923இல் வந்தது. அப்போது லாட்வியா விடுதலை அறிவித்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய மதத்தை மீட்கும் இயக்கத்தையும் அவர் தோற்றுவித்தார். புதிய நாட்டுக்குத் தொன்மை தேவைப்பட்டது, அவர் அதைத் தந்தார். அந்த விளக்கங்கள் அழகானவை. பாட்டிமார் எல்லோரும் பின்னும்போது அதையே நினைத்தார்கள் என்று சொல்வது மட்டும் மிகை.

மிகக் கடினமான சோதனை நெருப்புச் சிலுவை. இந்தியாவில் மங்கலக் குறியாக அறியப்படும் சுவஸ்திகம்தான் அது. பழைய லாட்வியக் கையுறைகளில் அடிக்கடி தென்படும் இந்த வடிவம், 1940 வரை லாட்விய விமானப்படையின் அடையாளமாகவும் இருந்தது. 1933இல் ‘இடிச் சிலுவை’ என்ற பாசிச அமைப்பு அதன் மற்றொரு பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. ஜெர்மனியில் நடந்தது உலகறிந்தது. பின்னிய பெண்கள் மீது குற்றமில்லை. ஆனால் ஒரு சின்னத்தைத் தேசத்தின் முத்திரையாக உயர்த்திய பிறகு, அதை யார் கையில் எடுப்பார்கள் என்பதைப் பின்னியவர் தீர்மானிக்க முடியாது. 2018இல் நார்வேயின் பனிச்சறுக்கு அணி, நவநாஜிகள் பயன்படுத்தும் பழைய எழுத்து ஒன்று இருந்ததால் தன் ஸ்வெட்டரையே கைவிட வேண்டியிருந்தது.

நார்வேயின் செல்பு ஊர் வேறொரு பாடம் சொல்கிறது. 1857இல் மாரித் குல்ட்செட்புரூவா என்ற பதின்ம வயதுப் பெண் கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கையுறையிலிருந்து அந்த ஊரின் புகழ் தொடங்குகிறது. ஆலைக்கல் வெட்டும் தொழில் நசிந்த அந்த ஊருக்குக் கையுறை வருமானம் ஆனது. 1934இல் தொடங்கிய கைவினை மையம் தரத்தைச் சோதித்து விற்றது. அந்தப் பத்தாண்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஜோடிவரை பின்னப்பட்டன. செல்பு கையுறையிலுள்ள எட்டிதழ் ரோஜா நார்வேக்கு மட்டும் உரியதல்ல. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன், இத்தாலிய வடிவப் புத்தகங்களிலேயே அதன் உறவுகள் உள்ளன. லாட்வியாவிலும் எஸ்தோனியாவிலும் எட்டுமுனை நட்சத்திரங்கள் உண்டு. ஆகவே ‘இந்த வடிவம் எங்களுடையது’ என்னும் உரிமைக்குரல் வலுவற்றது. செல்புவின் பெருமைக்கு வலு சேர்ப்பது வேறு: ஊரின் பெயரும் தரமும் பின்னியவர் வருமானமும் ஒன்றோடொன்று கட்டுண்டிருந்தன.

லாட்வியப் பின்னல் ஒரு மக்களை உண்மையாகவே காப்பாற்றிய காலமும் உண்டு. 1944இல் சோவியத் படைகளுக்கு அஞ்சித் தாயகத்தை விட்டு ஓடியவர்களோடு வடிவங்களும் போயின. 1981இல் அமெரிக்காவில் லிஸ்பெத் உபிட்டிஸ் எழுதிய கையுறை நூல் ஆங்கிலத்திலும் லாட்விய மொழியிலுமாக வெளிவந்தது; அப்போது லாட்வியா என்ற நாடே வரைபடத்தில் இல்லை. நாடில்லாதவர்கள் கையுறையில் நாட்டைக் கண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. நாடு கிடைத்த பிறகு கேள்வி மாறுகிறது. இன்றைய லாட்வியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ரஷ்ய இனத்தவர். கையுறையை இனத்தின் ரத்த அடையாளமாகப் பேசினால் அவர்களுக்கு அதில் இடமில்லை. கற்றுக்கொள்ளக்கூடிய கைத்தொழிலாகப் பேசினால் ஊசி எடுக்கும் எவருக்கும் இடமுண்டு.

எனவே, பரிசளிக்கும் அரசுகளும் விற்கும் கடைகளும் ஒன்று செய்யலாம்: நாட்டின் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரையும் பின்னியவரின் பெயரையும் சீட்டில் அச்சிட வேண்டும், பல நாள் உழைப்புக்கு ஈடான கூலியும் தர வேண்டும். வாங்குபவர்களும் விலை பேசுவதற்கு முன், இது எந்த ஊர், யார் பின்னியது என்று கேளுங்கள்.