மால்ட்டுக்கு மாற்றுப் பார்த்தல்

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கோலார் தங்கவயலுக்கு வந்த பிறகு வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் கிளப் கட்டினார்கள். கிளப்பில் ஸ்காட்ச், தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் சாராயம். சாராயம் அழித்த குடும்பங்களை நாம் அறிவோம். 2007 ஜூலையில் கர்நாடகம் அதைத் தடை செய்தது. இங்கே நான் எழுதுவது சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் கலையைப் பற்றி மட்டும். அதற்கு இரண்டு மிடறு போதும்.

ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்பு வாலையில் வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்தால்தான் அது ஸ்காட்டிஷ் சிங்கிள் மால்ட். 2009ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என்று ஐந்து வட்டாரப் பெயர்களைக் காக்கிறது. ஸ்பேசைடில் ஆப்பிளும் தேனும் மணக்கும். ஷெர்ரி பீப்பாயில் வைத்தால் உலர்திராட்சை. ஐலா தீவின் லஃப்ராய்கும் ஆர்ட்பெக்கும் வேறு உலகம். பீட் எனும் சதுப்பு மண்ணை எரித்த புகையில் பார்லி உலர்வதால் அயோடின் நெடியும் கடற்பாசியின் உப்பும் முதலில் தாக்கும், இனிப்பு பிறகே வரும். ஆனாலும் வட்டாரத்தை முழுக்க நம்பக் கூடாது. அதே தீவின் பூனஹாவன் பெரும்பாலும் புகையில்லாமல்தான் வருகிறது.

தங்கத்துக்கு நெருப்பில் மாற்றுப் பார்த்த ஊர் நம்முடையது. மால்ட்டுக்கு அப்படியொரு நெருப்பு கிடையாது, மூக்கும் நாக்கும்தான். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1989இல் மால்ட்டுகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கையேடு எழுதினார். இன்னொரு விஸ்கி எழுத்தாளரான ஜிம் முர்ரே தன் கையேட்டில் மணம், சுவை, பின்சுவை, சமநிலை நான்குக்கும் தலா 25 என்று பிரித்தார். வாங்குகிறவருக்கு எண் உதவும். ஆனால் ஏன் பிடித்தது என்று சொல்லும் இரண்டு வரி எனக்கு அதைவிடப் பெரிது.

ஸ்காட்லாந்து அளவுகோலில் பெரிய விரிசலை உண்டாக்கியது நம் பக்கத்துப் பெங்களூர்தான். 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் 2004 ஆகஸ்டில் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. இந்திய பார்லியையும் புகையூட்டிய ஸ்காட்டிஷ் பார்லியையும் சேர்த்துச் செய்த அதன் ஃப்யூஷனை, முர்ரேயின் 2010ஆம் ஆண்டுக் கையேடு உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றது. வயதுக் கணக்கும் இங்கே மாறுகிறது. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் விஸ்கி ஆவியாகும். பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. பக்குவமும் வேகமாக வந்துவிடுவதால், 18 வருடம் என்று லேபிளில் அச்சடித்த எண்ணைக் கண்டு மயங்கும் பழக்கம் இந்தப் பீடபூமியில் செல்லாது. வயதைத் தரத்தின் அடையாளமாக வைத்த மரபை நான் ஏற்கவில்லை.

தேர்ந்த சுவைஞர் லேபிளை மறைத்துவிடுவார். வாய் குறுகிய கிளாஸில் சிறிது ஊற்றி முகர்ந்து, சில துளி தண்ணீர் விட்டு மறுபடி முகர்வார். பூட்டியிருந்த மணம் அப்போது திறக்கும். பிறகுதான் நாக்கு. விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் குறிப்பார்.

குறிப்பை நம் சொல்லிலேயே எழுதுங்கள். பார்த்தே இராத ஸ்காட்லாந்தின் ஹெதர் பூவை ஆங்கிலக் குறிப்பிலிருந்து கடன் வாங்காதீர்கள். கருப்பட்டிப் பாகு, சுக்கு, பலாச்சுளை, வறுத்த கொத்தமல்லி என்று உங்கள் மூக்கு எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.