ஈயத்தைப் பார்த்து மயங்கியவன்

தங்கமாக இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். என்னைக் கட்டிப்போட்டது ஈயம்! இங்கிலாந்தில் டர்ஹம் நகரின் வேர் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த யாத்திரைச் சின்னங்கள். புனித கத்பெர்ட்டின் கல்லறையைத் தேடி நடந்து வந்தவர்கள், சில்லறைக் காசுக்கு வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்ட பொடிப்பொடி உருவங்கள். அடடா, என்ன அழகு!

கேரி பேங்க்ஹெட் என்ற முக்குளிப்பவர் 2007 முதல் அந்த ஆற்றின் எல்வெட் பாலத்தடியில் மூழ்கி மூழ்கி ஆயிரக்கணக்கான பொருள்களை அள்ளியிருக்கிறார். காற்றுப் புகாத சேறு பல நூற்றாண்டுகள் காத்துக் கொடுத்திருக்கிறது. தவறி விழுந்தவையா, நன்றிக்காக வீசியவையா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் இரண்டாம் கட்சி. ரயில் பாலத்தைக் கடக்கும்போதே ஜன்னல் வழியாக ஆற்றில் காசு போடுகிற ஊர்க்காரன் வேறெந்தக் கட்சியில் இருப்பேன்?

லண்டன் தேம்ஸ் கரைச் சேற்றில் கிடைத்த குப்பிகள் இன்னும் ஒரு படி மேல். 1170-ல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார் பேராயர் தாமஸ் பெக்கெட். அவர் ரத்தம் கலந்த நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி, யாத்திரிகர்கள் அதைச் சின்ன ஈயக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கடப்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள், திரும்பும்போது எண்ணெய்க் குப்பி இல்லாமலா வருகிறார்கள்?

தாமஸ் என்றால் தமிழில் தோமையார்; இயேசுவின் சீடரான இன்னொரு தோமையாரும் இருக்கிறாரே, நம் மயிலாப்பூரில்! 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: தோமையார் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் எடுத்துப்போவார்களாம், முறைக்காய்ச்சல்காரருக்கு அதைக் குடிக்கக் கொடுத்தால் குணமாகுமாம். அங்கே தாமஸ் ரத்தம், இங்கே தோமையார் மண். எவ்வளவு தூரம், எப்படி ஒரே நினைப்பு!

நம் கரையிலும் முக்குளித்தவர்கள் உண்டு: 2002-ல் மாமல்லபுரக் கடலில் மூழ்கித் தேடியவர்களுக்குக் கட்டுமானக் கற்கள் தட்டுப்பட்டன. மயிலாப்பூர் மண்ணை மட்டும் எந்தக் கடலில் மூழ்கியும் எடுக்க முடியாது. எடுத்துப் போனவர்கள் கரைத்துக் குடித்துவிட்டார்கள்.