கொம்பு மறைக்கும் கோலம்

வழவழப்பான தாளிலே வண்ணப் படங்கள். செந்நிறத் தோரணவாயில், அதன் கீழே உச்சிமுதல் உள்ளங்கால்வரை வெண்பட்டு பூண்ட மணமகள், அவள் தலைக்குமேல் செங்குடை, முன்னே மெல்ல அடியெடுத்து வைக்கும் பூசாரி, அருகே கருநிறக் கிமோனோவில் மணமகன். மணமகளின் கூந்தலோ பொன்னிறம், மணமகனின் விழிகளோ நீலம்! ஜப்பானுக்கு வந்து மணம் முடியுங்கள் என்று அயல்நாட்டு இணையர்களை அழைக்கத் திருமண ஏற்பாட்டாளர்கள் அச்சிடும் சிற்றேடுகள் இவை.

இவற்றை நமக்கு அனுப்பிவைத்தவர், நம்மோடு கல்லூரியில் பயின்ற தோழியொருவர். சிங்கப்பூரில் பணிபுரிகிறார். வருகிற ஜூன் திங்களில் கியோத்தோ நகரில் மணவிழா நடத்த எண்ணம். ஊரிலே, புரோகிதரை அழைத்தால் மேடையேற மாட்டேன் என்று வீட்டாரிடம் வாதாடி வென்றவர் அவர். அவரே இப்போது கேட்கிறார்: அந்த நாட்டுப் பூசாரி ஒரு பழங்கலையின் பகுதிதானே, கண்ணுக்கினிய காட்சிதானே, இதிலென்ன குற்றம் என்று. கேள்வி நேர்மையானது. ஆகவே ஏடுகளை, இலக்கியம் படிப்பதுபோலவே, வரிவரியாகப் படித்தோம்.

ஏடுதோறும் ஒரே பல்லவி: தொன்மை, தொன்மை, தொன்மை! தலைமுறை தலைமுறையாக ஜப்பானியர் தெய்வத்தின் திருமுன்னே இப்படித்தான் மணந்தார்கள் என்ற எண்ணமே படிப்போர் மனத்தில் படியும். அந்தத் தொன்மையின் வயதைக் கொஞ்சம் கணக்கிடுவோமா?

1900ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், பட்டத்து இளவரசர் யோஷிஹிதோ, பின்னாளில் தாய்ஷோ பேரரசர் ஆனவர், சதாகோ என்னும் மங்கையை அரண்மனைக் கோயிலில் மணந்தார். அரசர் வீட்டுக் கோலம் அடுத்த ஆண்டே ஆண்டிகள் வீட்டுக்கும் வந்துவிட்டது: டோக்கியோவின் ஹிபியா கோயில் அதே முறையைப் பொதுமக்களுக்கென வகுத்தது. இன்று டோக்கியோ தாய்ஜிங்கு என்று அழைக்கப்படும் கோயில் அதுவே. ஷிண்டோ மணமுறை நாடெங்கும் பரவியது அதன் பின்னர்தான். டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1872. தொன்மையிலும் தொன்மை என்று இவர்கள் விற்கும் சடங்கைவிட, புகை கக்கிய அந்த ரயில் வண்டி மூத்தது!

அதற்குமுன் எப்படி மணந்தார்கள்? வீட்டிலே மணந்தார்கள். மணமகள் மணமகன் இல்லம் சென்றாள். உற்றார் சூழ இருவரும் அரிசி மதுவைக் கிண்ணம் மாற்றிப் பருகினர். விருந்து நடந்தது. பூசாரி இல்லை; மந்திரம் இல்லை. ஆக, அந்த நாட்டிலே பூசாரி இல்லாததுதான் பழமை, பூசாரி வந்ததுதான் புதுமை! இந்த ஒரு செய்தியைத்தான் வண்ணத்தாள் மறைக்கிறது.

இனி, சடங்கின் உள்ளே சற்று நுழைவோம். வெண்ணுடை பூண்ட மணமகளின் கொண்டைமேல் பட்டை போன்ற ஒரு வெண்துணி காண்கிறீர்களே, அதன் பெயர் ட்சுனோககுஷி. தமிழில் சொன்னால், 'கொம்பு மறைப்பு'. பெண்ணுக்குச் சினமும் பொறாமையும் கொம்பாக முளைக்குமாம். அதை மறைத்து, அடங்கி நடப்பேன் என்று காட்டவே இந்தத் துணி என்பது வழங்கிவரும் விளக்கம். உடையின் வெண்மைக்கும் விளக்கம் உண்டு: கணவன் வீட்டின் நிறம் எதுவோ அந்த நிறத்தில் தோய அவள் ஆயத்தமாம். மணமகனுக்கு மறைக்க வேண்டிய கொம்பு எதுவும் கிடையாது போலும். அவன் தலை வெறுந்தலை. மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறாக மது பருகியபின் உறுதிமொழி வரும். வழக்கமான முறையில் அதை முழுவதும் படிப்பவன் மணமகன். இறுதியில் தன் பெயரை மட்டும் சொல்பவள் மணமகள். இந்நாளில் இருவரும் சேர்ந்து படிப்பதும் உண்டு, கேட்டுப் பெற வேண்டும். ஆனால் அயல்நாட்டுப் பெண்ணுக்கு அந்த மொழியே தெரியாது. எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அறியாமலே அவள் பெயர் சொல்கிறாள். மொழி புரியாத மந்திரத்திற்குத் தலையாட்டும் காட்சி நமக்குப் புதியதா என்ன?

நாள் பார்க்கும் நோயும் அங்கே உண்டு. ஆறு நாள்களின் சுழற்சி ஒன்று; அதில் தாயான் நல்ல நாள், புத்சுமெத்சு ஆகாத நாள். 1873இல் புதிய நாள்காட்டி புகுந்தபோது, நல்லநாள் கெட்டநாள் குறிப்புகளை அரசு நீக்கியது. ஆயினும் அந்த ஆறு நாள்கள் அச்சில் நுழைந்து நிலைத்துவிட்டன. தாயானில் மண்டபங்களுக்குப் போட்டி. ஆகாத நாளில் கட்டணத்தைக் குறைத்துத் தரும் மண்டபங்கள் பல. கதிரவன் இரு நாளும் ஒன்றுபோலத்தான் எழுகிறான், கட்டணம் மட்டும் ஏறி இறங்குகிறது! செலவைச் சுருக்க விரும்பும் இணையர்க்கு ஒரு யோசனை சொல்வோம்: ஆகாத நாளையே கேளுங்கள்.

கோயில் வேண்டாம், தேவாலயம் போதும் என்போருக்கும் அங்கே வழி செய்திருக்கிறார்கள். கிறித்துவர் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள நாட்டில், தேவாலயப் பாணித் திருமணம் ஏராளம். விடுதியோடு ஒட்டிக் கட்டிய 'தேவாலயம்', குருப்பட்டம் பெறாமலே வார இறுதியில் அங்கி மாட்டும் வெளிநாட்டார், இவை யாவரும் அறிந்த செய்திகள். அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறு. இத்தனை கோலாகலமும் முடிந்த பிறகு அந்த இணையர் கணவன் மனைவியா? சட்டத்தின் கண்ணில், இல்லை! ஜப்பானின் குடிமைச் சட்டத்தில் 739ஆம் பிரிவின்படி, திருமணம் உயிர்பெறுவது அறிவிப்புப் படிவம் ஏற்கப்படும்போது. தோரணவாயிலுக்கு அதில் பங்கில்லை, செங்குடைக்குப் பங்கில்லை. நகர அலுவலகத்தின் சாளரத்தருகே நின்று, பதினெட்டு வயது நிறைந்த இரு சாட்சிகள் ஒப்பமிட்ட படிவத்தைக் கொடுக்க வேண்டும். அயல்நாட்டார் ஆயின், மணம் புரியத் தடையில்லை என்று தத்தம் தூதரகம் தரும் சான்று, கடவுச்சீட்டு, இவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு ஆகியவையும் வேண்டும். படிவம் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஏற்றதற்கான சான்றிதழுக்கு 350 யென். அழகிய தாளில் வேண்டுமானால் 1,400 யென். விழாவுக்கோ பல இலட்சம்! நாம் கண்ட ஏடுகளில் இந்தப் படிவம் கடைசிப் பக்கத்து அடியில் எறும்பு எழுத்தில் கிடந்தது.

சுற்றுலா வரும் இருவரின் பதிவை ஏற்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறுபடும். ஆகையால் பலர் தம் நாட்டிலேயே பதிவு முடித்துவிட்டு, விழாவுக்கு மட்டும் செல்கின்றனர். இந்தியக் குடிமக்களுக்கு 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி தூதரகத்தில் மணக்கவும் இயலும். ஆனால் இருவரில் ஒருவராவது முப்பது நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தின் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டார் எவரும் மணக்கக் குடும்பத் தலைவனின் இசைவைப் பெற வேண்டும். அதை வீழ்த்தியது 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு: இருவரின் இசைவு ஒன்றே திருமணத்தின் அடிப்படை என்பது அதன் சாரம். அதற்கு முதல் வடிவம் தீட்டியவர் பியேத்தே சிரோத்தா. வியன்னாவில் பிறந்து, டோக்கியோவில் வளர்ந்து, 1946இல் அமெரிக்கப் படைத் தலைமையகத்தில் பணிபுரிந்த பெண். அன்று அவருக்கு வயது இருபத்திரண்டு! குறை இன்னும் தீரவில்லைதான்: மணந்த ஜப்பானியர் இருவரும் ஒரே குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெயர் துறப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும், அயல்நாட்டு மங்கையர் விலை கொடுத்து வாங்குவது கொம்பு மறைப்பை. அயல்நாட்டு மங்கையொருத்தி அந்த நாட்டுக்கு விலையின்றிக் கொடுத்தது இந்தப் பிரிவை. ஏடுகளில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

தோழிக்கு இவற்றையெல்லாம் எழுதினோம். ஜின்சென் என்ற முறை ஒன்றும் அங்கே உண்டு என்பதையும் எழுதினோம். பூசாரி இல்லை, பாதிரி இல்லை; கூடியிருப்போர் முன்னிலையில் இருவரும் தாமே எழுதிய உறுதிமொழியைத் தம் மொழியில் படித்து ஒப்பமிடுவர்; விருந்தினரே சாட்சி. கிமோனோ அணிந்துகொள்ளவும் தடையில்லை.

விடை வந்தது. பதிவைச் சென்னையிலேயே முடித்துவிடுவார்களாம். கியோத்தோவில் ஜின்சென் முறை, உறுதிமொழி தமிழில், பாதி அவர், பாதி இணையர். கொம்பு மறைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். செங்குடை மட்டும் கட்டாயம் வேண்டுமாம். குடைக்கு நமது மறுப்பு இல்லை. ஜூன் திங்களில் கியோத்தோவில் மழைக்காலம்.