யூவெல்ம் ஆலயத்துக் கல்லறை: பணிவா, கணக்கா?

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் யூவெல்ம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பங்கு ஆலயமான தூய மரியன்னை ஆலயத்தைக் காண வருவோர் பெரும்பாலும் ஒரு கல்லறையையே நாடி வருகின்றனர். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் ஜெப்ரி சாசரின் பேர்த்தியும் சபக் கோமாட்டியுமான ஆலிஸ் அம்மையாரின் கல்லறை அது. அவர் 1475ஆம் ஆண்டில் மறைந்தார்.

கல்லறை மேலும் கீழுமாக இரு நிலை கொண்டது. மேல்நிலையில், அலபாஸ்டர் என்னும் வெண்கல்லில் செதுக்கிய கோமாட்டி, தலையிற் கிரீடமும் இடக்கையில் கார்ட்டர் விருதுப் பட்டையும் விளங்க, கைகூப்பிப் படுத்திருக்கிறார். வானதூதர்கள் அவர் தலையணையைத் தாங்குகின்றனர். விக்டோரியா அரசியார் அப்பட்டையைப் பெண்கள் எங்கே அணிவது என அறிய இச்சிலையைப் பார்த்துவரச் செய்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கீழ்நிலையில், கற்பலகணியின் துளைகளுக்கு அப்பால், அதே அம்மையாரின் பிணம் கிடக்கிறது. எலும்பு புடைத்து, தோல் வற்றி, போர்வை விலகிய நிலையில் சிற்பி அதைச் சிறிதும் தயங்காமல் செதுக்கியிருக்கிறான்.

இவ்வகை இரட்டைக் கல்லறைகளைப் பற்றி எழுதுவோர், "செல்வமும் பதவியும் நில்லாதவை எனக் காண்போருக்குப் போதிக்கவே பிணத்தையும் செதுக்கினர்" எனக் கூறி முடித்துவிடுவது வழக்கம். வேறு கல்லறைகளுக்கு அது பொருந்தக்கூடும். யூவெல்மைப் பொறுத்தவரை அவ்விளக்கம் போதாது என்பதே நம் கருத்து. காரணம் கல்லறைக்குள்ளேயே இருக்கிறது. பிணம் கிடக்கும் அறையின் மேற்கூரையில், அதாவது அதன் முகத்துக்கு நேர் மேலே, ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. கபிரியேல் தூதர் கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியும், மரிய மதலேனம்மாள், ஸ்நாபக அருளப்பர் ஆகியோரின் உருவங்களும் அங்குள்ளன. நின்று பார்ப்போர் கண்ணுக்கு இவை படா. தரையில் படுத்துத் தலையைப் பலகணியருகே கொண்டு சென்றாலன்றி யாரும் காண முடியாது. காண்போருக்குப் போதிக்க எழுந்த கல்லறையில், காண்போருக்குத் தெரியாத ஓவியம் எதற்கு? அது அப்பிணத்தின் கண்களுக்காகவே தீட்டப்பட்டது. ஆகவே இக்கல்லறை நம்மை நோக்கிப் பேசவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஓர் ஆன்மா தனக்காகப் பரிந்து பேசுவோரை அண்ணாந்து நோக்குகிறது.

இவ்வளவு அச்சம் ஏன் என்று கேட்கலாம். அம்மையாரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். பாட்டனாரின் தந்தை இலண்டனில் திராட்சை மது வாணிகர். தந்தை தாமஸ் சாசர் ஐந்து முறை மக்களவைச் சபாநாயகராக இருந்தவர். 1434இல் இறந்த அவரும் மனைவி மோடும் இவ்வாலயத்திலேயே, பித்தளைத் தகட்டு உருவங்களாகக் கிடக்கின்றனர். அவர் கல்லறையைச் சுற்றிக் குலச்சின்னங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் தாய்வழி ரோயட் குலத்தின் சக்கரம் முதன்மை பெறுகிறது. கவிஞர் சாசர் இன்று பெறும் புகழை அன்று அவர் மகனே பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. உறவின் உயர்வே பெரிதாகப்பட்டது. ஆலிஸ் மும்முறை மணந்தார். முதற் கணவர் 1415இலும் இரண்டாமவரான சால்ஸ்பரிப் பிரபு 1428இலும் பிரெஞ்சுப் போரில் மாண்டனர். மூன்றாமவரான சபக் கோமகன் வில்லியம் டி லா போல், 1450இல் நாடு கடத்தப்பட்டுச் செல்கையில் கப்பலிலிருந்து பிடிக்கப்பட்டுத் தலை வெட்டுண்டார். அதன்பின் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. மகனுக்கு யார்க்குக் குலப் பெண்ணை மணமுடித்தார். அப்பெண்ணின் தமையன் பின்னர் நான்காம் எட்வர்டாக அரியணை ஏறினார். நார்போக்கு நாட்டின் பாஸ்டன் குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் இக்கோமாட்டியின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. நில வழக்கொன்றின் முடிவில் 1465இல் மகனின் ஆட்கள் அக்குடும்பத்தின் ஹெல்ஸ்டன் மாளிகையை இடித்துச் சூறையாடினர். அவ்வூர் ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை. கைகூப்பிய வெண்கற் சிலையை அக்கடிதங்களோடு சேர்த்துக் கண்டால் அதன் அமைதி வேறாகத் தோன்றும்.

இக்கல்லறையைத் தனிக் கலைப்பொருளாக மதிப்பிடுவதும் தவறு. அலபாஸ்டர் வேலைப்பாட்டை வியந்து, ஞானஸ்நானத் தொட்டியின் மேல் கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் மரமூடியையும் பார்த்துவிட்டு, மேற்கு வாயிலில் இறங்கும் படிகளைப் பாராமல் போவோர் பாதியைத்தான் கண்டவராவர். அப்படிகள் நேரே அறச்சாலையின் முற்றத்தில் இறங்குகின்றன. ஆலிசும் வில்லியமும் 1437இல் அரச உரிமம் பெற்று நிறுவியது அது. ஏழையர் 13 பேருக்கும் குருமார் இருவருக்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. இன்னும் சற்றுக் கீழே செங்கற்பள்ளி. ஆலயம், அறச்சாலை, பள்ளி மூன்றும் ஒரே சரிவில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஒரே கட்டுமானத் திட்டமாகும். அறச்சாலை ஏழையருக்கு இலவச உணவும் உறைவிடமும் அல்ல, அது பணி. நாள்தோறும் பலமுறை ஆலயத்துக்கு ஏறிவந்து நிறுவியோரின் ஆன்மாவுக்காக மன்றாட வேண்டும். தவறியோரின் படியில் தண்டம் பிடிக்கப்பட்டது. அம்மன்றாட்டுக்கென்றே கல்லறையின் தெற்கில் தூய யோவான் சிற்றாலயம் அமைந்தது. அதன் சுவரெங்கும் இயேசுவின் திருநாமச் சின்னம் தீட்டப்பட்டுள்ளது.

அப்படியானால் இது காசு கொடுத்து வாங்கிய வேண்டுதல்தானே என்பார் உண்டு. வாங்கியதுதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் வாணிபம் என்று தள்ளுவது அக்காலத்தாரின் நம்பிக்கையைப் பொய்யாக்குவதாகும். பிறரறியாத கூரையில் ஓவியம் தீட்டச் செய்தவர் ஊரார் மெச்சவேண்டுமென்று செய்திருக்க முடியாது. பிறர் நிலத்தைப் பறிக்கத் தயங்காத அதே உள்ளம், அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்பதையும் உண்மையாகவே நம்பியது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் காட்டுவதால்தான் யூவெல்மை அக்கால ஆங்கிலக் கல்லறைகளுள் உயர்ந்தவற்றில் ஒன்றாக நாம் கொள்கிறோம். மேற்சிலையின் முகம் மட்டும் எஞ்சியிருந்தால் அப்படிச் சொல்லத் துணியமாட்டோம்.

1547இல் இத்தகைய ஆன்ம வேண்டுதல் அறக்கட்டளைகளை ஆங்கில அரசு சட்டமியற்றி ஒழித்தது. டி லா போல் குலமும் அதற்கு முன்பே அழிந்தது. ஆலிசின் பேரன் எட்மண்ட் 1513இல் எட்டாம் ஹென்றியால் கொல்லப்பட்டார். எனினும் அறச்சாலை பிழைத்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அதன் தலைமை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியருக்கு உரியதாயிற்று. முதியவர்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் படிக்கின்றனர். கோமாட்டியின் ஆன்மாவுக்காக விதிக்கப்பட்ட வேண்டுதல் மட்டுமே நின்றுபோயிற்று.