புறம்போக்கும் ஒப்பாரியும்

திரைப்படத்தின் தோளேறாமல் ஒரு பாடல் தமிழ் மக்களின் செவியை எட்ட இயலுமா? நெடுங்காலம் பக்திப் பாடலுக்கும் நாட்டுப்புறப் பாடலுக்குமே வாய்த்திருந்த இப்பேறு, அண்மை ஆண்டுகளில் தனியிசைக் கலைஞர்களுக்கும் கிட்டியுள்ளது. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எண்ணிப் பார்ப்போம்.

2017 சனவரியில் வெளிவந்தது 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியதை டி.எம். கிருஷ்ணா இராகமாலிகையாகப் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையச் சாம்பலும் கட்டுமானங்களும் விழுங்குவதே பொருள். புறம்போக்கு என்பது வரிக்கு உட்படாத பொதுநிலம். ஏரியும் ஓடையும் மேய்ச்சல் தரையும் அதில் அடங்கும். எல்லாருக்கும் உரியதை எவருக்கும் உரியதன்று எனக் கொண்ட நாம், அச்சொல்லை வசையாக்கினோம். பாடகரோ அவ்வசையைத் தம்மேல் தாமே ஏற்றுக்கொள்கிறார். அதுவே இப்பாடலின் அறம். சபா மேடையின் இசையில் சென்னைத் தெருவின் பேச்சு அமர்ந்திருப்பது சிலருக்கு உறுத்தலாம். அவ்வுறுத்தல் தேவையானதே. எனினும் உப்பங்கழியில் வலை வீசுபவரைவிட, மின்விளக்கின் கீழ் அமர்ந்து கேட்பவரை நோக்கியே அது பாடுகிறது. தொழிற்பேட்டைக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே வாழும் எளாவூர்ப் பகுதியினரான நாம் இவ்விரு கூட்டத்திலும் இருக்கிறோம்.

2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் தொடரிலிருந்து பிறந்தது. இரஞ்சித் முன்முயற்சியில், தென்மா இசைப்பொறுப்பில் கானாவும் ராப்பும் ராக்கும் அங்கு ஒன்றாயின. வடசென்னைச் சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்த கானா, மேடையில் நிமிர்ந்து நின்றது. சில பாடல்களில் முழக்கம் கவிதையை முந்துகிறது என்பது குறையே. ஆயினும் நெடுநாள் அடைபட்ட குரல் முதலில் உரத்துத்தான் ஒலிக்கும்.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இவற்றினும் பரந்து சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு அதில் வைத்தார். தீ உடன்பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் ஒப்பாரி ஆட்டப்பாட்டாயிற்று. திருமண ஒலிபெருக்கியில் அது முழங்க, இளைஞர் ஆடுகின்றனர். நிலமற்ற ஒருத்தியின் அழுகை அதற்குள் இருப்பதை எத்தனை பேர் கேட்டனர்? கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்க, இவ்வினா நம் வாசலிலேயே நிற்கிறது. அப்பாடலுக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே அது பாடப்பட்டது. பாடல் யாருடையது என்னும் வழக்கு பொதுவெளியில் எழுந்தது. கூட்டுப் படைப்பில் ஒவ்வொருவரின் பங்கையும் அளந்து தீர்ப்பிடுவது நம் பணியன்று. ஆனால் உரிமையிழந்தோரைப் பாடிய பாடலே உரிமை வினாவில் சிக்கியது நம்மை உறுத்த வேண்டாமா?

திருவிவிலியம் புலம்பலுக்கென ஒரு நூலையே ஒதுக்கியுள்ளது. அழுகையை இன்பமாக்கித் தருவது கலையின் ஆற்றல்; அழுதவரின் பெயரை மறவாதிருப்பது கேட்பவரின் கடன். முதலாவதை இக்கலைஞர்கள் செய்துவிட்டனர். இரண்டாவது நம் கையில் உள்ளது.