சபராளியின் நோயும் சட்டத்தின் பார்வையும்

நம் ஊர்களில் 'சபராளி' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கடல் கடந்து பொருளீட்டச் சென்றவனுக்காக இல்லந்தோறும் துஆ கேட்கிறோம். அவன் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, குமர் கரையேறுகிறது, பள்ளிவாசலும் புதுப்பொலிவு பெறுகிறது. அவனது பிரிவைப் பாடிய பாடல்களுக்கும் கதைகளுக்கும் நம் ஏடுகளில் பஞ்சமில்லை. ஆயினும், அச்சபராளி நோயுற்ற வேளையில், செல்லத்தக்க பெர்மிட் கையில் இல்லை என்பதற்காக மருத்துவமனையின் வாயிலை மிதிக்க அஞ்சி நிற்பதைப் பற்றி நாம் எழுதியது மிகச் சொற்பம். இக்குறையை ஒப்புக்கொண்டே மேற்செல்வோம்.

புலம்பெயர் தொழிலாளர் அனைவரின் உரிமைகளையும் காக்கும் உடன்படிக்கை ஒன்றை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1990 டிசம்பர் 18 அன்று ஏற்றது. அது 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிரைக் காக்கவோ, ஈடுசெய்ய இயலாத தீங்கைத் தவிர்க்கவோ அவசரமாக வேண்டப்படும் சிகிச்சையை, தங்குவதற்கான ஆவணம் முறையாக இல்லை என்று கூறி மறுத்தல் ஆகாது என்பது அதன் 28ஆம் பிரிவின் சாரம். இலங்கை 1996லேயே இதில் இணைந்தது. ஆளை அனுப்பும் இந்தியாவோ, ஆளைப் பெறும் மலேசியாவோ இன்றுவரை இணையவில்லை.

இப்பிரிவைப் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. ஊன்றிப் படித்தால் இரண்டு குறைகள் புலனாகின்றன. முதலாவது, 'அவசரம்' என்னும் வரம்பு. நீரிழிவுள்ளவனுக்கு மாத்திரை இன்று அவசரம் அன்று. கால் அழுகிய பின்னரே அவசரமாகிறது. காசநோயாளியின் இருமல் முதல் மாதத்தில் அவசரம் அன்று. உடன் உறங்கும் பத்துப் பேருக்கு அது பரவியிருக்கலாம் என்பதே அச்சம். நோயை முற்றவிட்டு அதன்பின் கதவைத் திறக்கும் உரிமை அரை உரிமையே. இரண்டாவது, நோயாளியைப் பற்றி மருத்துவமனை காவல்துறைக்குச் சொல்லலாமா என்பது குறித்து அப்பிரிவு வாய் திறக்கவில்லை. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2013இல் வெளியிட்ட விளக்கவுரையில்தான், மருத்துவத்தைக் குடிநுழைவுக் கட்டுப்பாட்டின் கருவியாக்கலாகாது என்று தெளிவுபடுத்தியது.

இரண்டாவது குறையே பெரிது என்போம். அதற்கு மலேசியா சான்று. ஆவணமற்றோர் சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்குமாறு அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2001இல் சுற்றறிக்கை விடுத்தது. முதலாளியை விட்டு விலகினால் பெர்மிட்டும் போய்விடும் நாடு அது. ஏஜெண்டால் ஏமாற்றப்பட்டவனும், கடவுச்சீட்டை முதலாளியிடம் பறிகொடுத்தவனும் அங்கே குற்றவாளிகளாகவே எண்ணப்படுகின்றனர். அத்தகையோன் காய்ச்சலோடு மருத்துவமனையை நாடுவானா?

2020இல் கொரோனா பரவியபோது, ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலின் தப்லீக் கூட்டத்தில் பங்குகொண்டோரைத் தேடிய அரசு, ஆவணமற்றோரும் அஞ்சாது பரிசோதனைக்கு வரலாம், கைது இல்லை என்று மார்ச் மாதத்தில் அறிவித்தது. அது நல்ல அறிவிப்பு. ஏப்ரலில், கோலாலம்பூரில் நம் மக்கள் நன்கறிந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் அடைக்கப்பட்டு, அங்கிருந்தோர் பரிசோதிக்கப்பட்டனர். மே முதல் நாள் அதே வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் நுழைந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றனர். பிடிபட்டோர்க்குத் தொற்று இல்லை என்று அரசு விளக்கம் தந்தது. அவ்விளக்கம் மெய்யே ஆகுக. பரிசோதனைக்குக் கை நீட்டியவனின் கையில் விலங்கு பூட்டப்பட்டதைக் கண்ட பிறர், அடுத்த அழைப்பை நம்புவரா என்பதே நம் வினா. அம்மாதத்திலேயே புக்கிட் ஜாலில் உள்ளிட்ட குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் தொற்று தலைகாட்டியது. அது நூற்றுக்கணக்கானோரைப் பற்றவும் செய்தது.

சவூதி அரேபியாவோ, அதே 2020 மார்ச் இறுதியில், குடிமக்கள், முறையாகத் தங்கியிருப்போர், இகாமா விதியை மீறியோர் ஆகிய அனைவருக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என்று ஆணையிட்டது. பெருநோய் வந்தபோது இயன்றது, பிற நாள்களில் ஏன் இயலாது?

குடிமகனின் வரிப்பணத்தை அயலானுக்குச் செலவிடுவதா என்று வினவுவர். புறந்தள்ளத்தக்க வினா அன்று அது. ஆனால் அந்த அயலான் எழுப்பிய மாடியில் குடியிருப்பதும், அவன் ஆக்கிய சோற்றை உண்பதும் அக்குடிமக்களே. அன்றியும், தொடக்கத்தில் தீர்க்கும் நோய்க்கு ஆகும் செலவு, முற்றிய நோய்க்கு ஆவதிற் சிறு பங்கே. தாய்லாந்து, ஆவணமற்ற தொழிலாளரும் பணம் செலுத்திப் பெறத்தக்க மருத்துவக் காப்பீட்டு அட்டையை வழங்கி வந்துள்ளது. ஆகவே, வழி இல்லாமல் இல்லை.

இனி நம்மை நோக்குவோம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மாரிஸ்தானைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரிலிருந்து வந்தோர் என்று வேறுபாடு பாராட்டாமல் சிகிச்சையளிக்க அதன் வக்ஃபு வகை செய்தது. ஆனால் நம்மவர் நடத்தும் கடையிலேயே பெர்மிட் இன்றி உழைக்கும் பையன் நோயில் விழுந்தால், 'ஊருக்கு அனுப்பி விடுங்கள்' என்பதே பெரும்பாலும் நம் மருந்து. சிலர் இரக்கப்பட்டுப் பணம் தருகின்றனர். அது ஸதகா, நன்றே. ஆயினும் செல்வத்தில் இல்லாதோர்க்குள்ள பங்கைத் திருமறை 'ஹக்' என்னும் சொல்லால் குறிப்பதை நாம் மறந்தோம். ஹக் என்பது கொடுப்பவன் மனம் இளகும்வரை காத்திருப்பதன்று.

விசிட் விசாவில் மகனை அனுப்பத் துணியும் பெற்றோர், அவன் நோயுற்றால் எங்கே செல்வான் என்று முதலில் கேட்க வேண்டும். கடை நடத்துவோர் தம்மிடம் உழைப்போர்க்குப் பெர்மிட்டையும் காப்பீட்டையும் முறையாக எடுத்துத் தர வேண்டும். உடன்படிக்கையில் இணையுமாறு நம் ஜமாஅத்துகள் அரசை வற்புறுத்த வேண்டும். இவற்றைச் செய்யாமல் சபராளியின் பிரிவை மட்டும் பாடிக்கொண்டிருத்தல் நமக்கு அழகாகுமா? சிந்திப்போமாக.